அளவைக்கு அகப்படாத லாகிரி

ஓசூரிலிருந்து மத்திகிரியைக் கடந்து தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், பேட்டராய சுவாமி கோயிலால் பெயர் பெற்ற தேன்கனிக்கோட்டை வந்து சேரும். அங்கிருந்து ஒரு சாலை தளியைத் தொட்டுக் கர்நாடகத்துக்குள் புகுகின்றது. மற்றொன்று காட்டு வளைவுகளில் நெளிந்து இறங்கி அஞ்செட்டிக்கும், அதற்கப்பால் ஒகேனக்கல்லுக்கும் போகின்றது. தக்காளியும் ரோஜாவும் ஏற்றிய சிறு வண்டிகள், கல்லும் ஜல்லியும் சுமந்த டிப்பர் லாரிகள், இரவு ஷிப்டுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், பெங்களூரிலிருந்து திரும்பும் இருசக்கர வண்டிகள் ஆகிய யாவும் இந்தச் சாலைகளிலேயே ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. யானை குறுக்கிடக்கூடிய வழியில், எதிரே வரும் வண்டியின் சாரதி தன் சுவாதீனத்தில் இருக்கிறான் என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் ஒவ்வொரு பிரயாணியும் தன் உயிரை வைத்துப் போகின்றான். அந்த நம்பிக்கையைக் காக்கும் கடமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. மதுவின் விஷயத்தில் அது அக்கடமையை ஒருவாறு நிறைவேற்றுகின்றது. கஞ்சா, அபினி, தூக்க மாத்திரை முதலிய லாகிரி வஸ்துக்களின் விஷயத்திலோ, ஆணையை எழுதி வைத்துவிட்டு அதை நிறைவேற்றும் வழியை எழுத மறந்திருக்கின்றது. அந்த மறதி எங்கே இருக்கின்றது, அதனால் என்ன நேர்கின்றது என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போதையைச் சட்டத்தால் அடக்கும் முயற்சிக்கு இந்தப் பூமி புதிதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். மதுவிலக்கு அமலான அந்த நாளிலேயே, ஜில்லாவின் வடமேற்கு ஓரத்தில் மைசூர் சமஸ்தானத்தின் எல்லை தொடங்கியது. ஒரு பக்கத்தில் விலக்கப்பட்டது மறுபக்கத்தில் விற்கப்படுவது என்ற நிலைமை, எல்லைப்புறத்து ஊர்களுக்கு அன்றிலிருந்தே பழகியது. இன்றும் கர்நாடகத்து மது பாக்கெட்டும், தமிழகத்தில் தடை செய்யப்பட்ட குட்காவும் இந்த எல்லையைக் கடந்தே வருகின்றன. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா பல கை மாறி இங்கேயும் வந்து சேர்கின்றது. 2022-ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை 2.0’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தியபோது வாசகர் பலர் அதைப் பத்திரிகைகளில் படித்திருப்பர். அவ்வேட்டை, சரக்கைக் கடத்துகிறவனையும் விற்கிறவனையும் தேடியது. அச்சரக்கைப் புகைத்துவிட்டு வண்டியை ஓட்டுகிறவனைத் தேடுவது வேறு காரியம். அதற்கு வேறு சட்டமும் வேறு சாஸ்திரமும் வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைச் சிறிது பார்க்க வேண்டும். மதுவிலக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், 1939-இல், இந்தியாவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன் 117-ஆவது பிரிவு, மதுவாலோ லாகிரி வஸ்துவாலோ, வண்டியைத் தக்கபடி கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஆட்பட்ட நிலையில் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. இச்சொற்கள் இங்கே பிறந்தவையல்ல; 1930-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்தவற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்தாண்டார்கள். மதுவுக்கும் லாகிரிக்கும் அப்போது ஒரே அளவுகோல்தான். அதாவது, எண்ணால் ஆன அளவுகோல் எதுவும் இல்லை. நடை தள்ளாடியதா, நா குழறியதா, கண் சிவந்ததா என்று போலீஸ்காரரும் வைத்தியரும் சொல்வதைக் கேட்டு நீதிபதி தீர்மானிக்க வேண்டியதுதான்.

பின்பு மதுவுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. மது ஆவியாகும் தன்மையுள்ளது. ரத்தத்தில் கலந்த மது நுரையீரலின் நுண்ணறைகளில் காற்றோடு ஒரு நிலையான விகிதத்தில் கலந்து வெளிவருகின்றது. ஒரு பங்கு ரத்தத்தில் உள்ள மதுவின் அளவு ஏறத்தாழ 2,100 பங்கு மூச்சில் உள்ளதற்குச் சமம் என்று கொண்டு, மூச்சை அளந்தே ரத்தத்தை அறியலாம் என்ற இந்த உண்மையை வைத்து, அமெரிக்காவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் என்ற போலீஸ் அதிகாரி 1954-இல் மூச்சுப் பரிசோதனைக் கருவியை அமைத்தார். மதுவின் அளவு கூடக் கூட விபத்தின் சாத்தியமும் கூடுகின்றது என்பதையும் பின்னர் அவர் நடத்திய ஆய்வே பெருமளவில் காட்டியது. ஆக, அளவும் கிடைத்தது. அளவுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பும் கிடைத்தது. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆவது பிரிவின் முதற்கூற்றில், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று எண்ணைப் பொறித்துவிட்டது. சாலையோரத்தில் நிறுத்தி ‘ஊது’ என்கிறார்கள், கருவி ஓர் எண்ணைக் காட்டுகின்றது, சீட்டு அச்சாகின்றது, ‘டி.டி. கேஸ்’ என்ற குடிபோதை வழக்கு முடிகின்றது. ஓட்டுநர் உண்மையில் தள்ளாடினாரா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதே பிரிவின் இரண்டாம் கூற்றைப் படியுங்கள். லாகிரி வஸ்துவுக்கு ஆட்பட்டு, வண்டியைத் தக்கபடி கட்டுப்படுத்த இயலாத அளவில் இருந்தால் குற்றம் என்கின்றது. 1939-இன் சொற்கள், 1930-இன் சொற்கள், அப்படியே நிற்கின்றன. தண்டனை இரண்டு கூற்றுக்கும் ஒன்றுதான்: முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், மறுமுறை செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். தண்டனையில் சமத்துவம் வைத்த சட்டம் நிரூபணத்தில் அதை வைக்கவில்லை.

நம் தர்க்க நூலார் அறிவுக்கு வழியாகச் சொன்ன அளவைகள் காண்டல், கருதல், உரை என்று மூன்று. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மதுவின் குற்றம் கருவியின் உதவியால் காண்டலளவைக்குள் வந்துவிட்டது. எண் கண்முன் நிற்கின்றது. லாகிரியின் குற்றமோ இன்னும் கருதலளவையிலேயே நிற்கின்றது: சிவந்த கண், மந்தமான பார்வை, சாலைக் கோட்டை விட்டு விலகிய சக்கரம் ஆகிய அடையாளங்களிலிருந்து உள்ளே இருக்கும் மயக்கத்தை அனுமானிக்க வேண்டும். அந்த அனுமானத்தை நியாயஸ்தலத்தில் எடுத்துச் சொல்ல நம்பத்தக்க ஒருவரின் உரை வேண்டும். காண்பதற்குக் கருவி இல்லாத இடத்தில் கருதுவோனுக்குப் பயிற்சியும், உரைப்போனுக்கு எழுத்துப் பதிவும் இரட்டிப்பாக வேண்டும் அல்லவா? நம் நாட்டில் இரண்டும் இல்லை.

2019-ஆம் ஆண்டின் திருத்தம் இந்நிலையை மாற்றியிருக்கலாம். ஒரு வகையில் அது நிலையை இன்னும் கடினமாக்கிவிட்டது என்பது கவனிக்கப்படாத செய்தி. பழைய பிரிவின் விளக்கத்தில், மத்திய அரசு கெஜட்டில் அறிவிக்கும் லாகிரி வஸ்து எதுவாயினும், அது ஒருவனை வண்டியைக் கட்டுப்படுத்த இயலாதவனாக்கும் என்றே சட்டம் கொள்ளும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதாவது, வஸ்து உடலில் இருந்ததை நிரூபித்தால் போதும், இயலாமையைச் சட்டமே ஊகித்துக்கொள்ளும் என்ற நிலைக்கு ஒரு கதவு திறந்திருந்தது. புதிய விளக்கம், லாகிரி வஸ்து என்ற சொல்லின் பொருளை விரித்து, மது தவிர்ந்த எந்த மயக்கப் பொருளையும், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் அடங்கிய எல்லாவற்றையும் அதனுள் சேர்த்தது, நல்லதுதான். ஆனால் அந்த ஊகத்தை அது விட்டுவிட்டது. வலையின் அகலம் கூடிற்று. வலையை இழுக்கும் கயிறு அறுந்தது. மதுவுக்கு ‘ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட வேறெந்தப் பரிசோதனையும்’ என்ற சொற்களை அத்திருத்தம் சேர்த்தது, லாகிரிக்குச் சேர்க்கவில்லை.

நடைமுறைப் பிரிவுகளுக்கு வந்தால் குறை இன்னும் வெளிப்படையாகின்றது. ஒரு சந்தர்ப்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். இரவு இரண்டு மணி. அஞ்செட்டிச் சாலையில் ஒரு டிப்பர் லாரி வளைவில் எதிர்ப்புறத்துக்கு வந்து, ரோந்து ஜீப்பின் மேல் மோதாமல் மயிரிழையில் தப்புகின்றது. நிறுத்தி இறக்கினால், ஓட்டுநரின் கண்கள் சிவந்திருக்கின்றன. கேள்விக்கு விடை வரத் தாமதமாகின்றது. கேபினுக்குள் புகை நெடி. உதவி ஆய்வாளர் சந்தேகப்படுகிறார். 203-ஆவது பிரிவு அவருக்குத் தரும் அதிகாரம் மூச்சைக் கேட்பது. ஓட்டுநர் மறுப்பின்றி ஊதுகிறார். கருவி பூஜ்யம் காட்டுகின்றது, ஏனெனில் அந்தக் கருவிக்குக் கஞ்சா தெரியாது. ரத்தத்தைக் கேட்கலாமா? 204-ஆவது பிரிவைப் பாருங்கள்: மூச்சுக் கருவி மதுவைக் காட்டியிருந்தால் ரத்தம் கேட்கலாம், மூச்சைத் தர மறுத்திருந்தால் கேட்கலாம். இவரோ மறுக்கவும் இல்லை, கருவி மதுவைக் காட்டவும் இல்லை. ஆகவே அந்த வாயில் மூடிவிடுகின்றது. மாதிரி தர மறுத்ததை அரசுத் தரப்பின் சாட்சியத்துக்கு வலுவாகக் கொள்ளலாம் என்று கூறும் 205-ஆவது பிரிவும், முறைப்படி கேட்க முடியாத ரத்தத்தை அவர் மறுக்கும்போது துணைக்கு வருமா என்பது சந்தேகமே. 202-ஆவது பிரிவு, தன் கண்முன் 185-ஆவது பிரிவின் குற்றத்தைச் செய்தவனைப் போலீஸ் அதிகாரி வாரண்டு இன்றிக் கைது செய்யலாம் என்கின்றது. கூடவே, கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடவாவிடில் விடுவித்துவிட வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றது. அந்தப் பரிசோதனையும் 203, 204-ஆவது பிரிவுகளில் சொல்லப்பட்டதே ஆகும் என்பதால், சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம்.

வழியே இல்லையா என்றால், மோட்டார் சட்டத்துக்கு வெளியே ஒரு வழி இருக்கின்றது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆவது பிரிவு, கைதானவரின் உடலைப் பரிசோதித்தால் குற்றத்துக்குச் சாட்சியம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பின், போலீஸ் அதிகாரியின் வேண்டுகோளின் பேரில் மருத்துவர் பரிசோதிக்கலாம் என்கின்றது. ரத்தம், எச்சில், வியர்வை முதலியன எடுப்பதும் அதில் அடங்கும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 53-ஆவது பிரிவே இது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனப் பாதுகாப்புக்கு இது விரோதமாகாது. கைரேகை போன்ற உடற்சான்றுகள் வாக்குமூலம் அல்ல என்று 1961-இல் காதி காலு ஓகட் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. மனத்தைக் கிளறும் நார்கோ பரிசோதனையைக் கட்டாயமாக நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தீர்ப்பளித்தபோதும் இந்த வேற்றுமையை அது கைவிடவில்லை. ஆக, நம் கற்பனை லாரி ஓட்டுநரின் ரத்தத்தைச் சட்டப்படி எடுக்க முடியும். ஆனால் நள்ளிரவில் நிற்கும் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு சட்டத்தின் மூடிய கதவைக் கண்டு மற்றொரு சட்டத்தின் பக்கவழியைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

அதனால் சுலபமான வழி தேடப்படுகின்றது. பையில் ஒரு பொட்டலம் கிடைத்தால், போதைப்பொருள் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் வைத்திருந்த குற்றம் பதிவாகின்றது. உட்கொண்டதற்கு அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு இருக்கின்றது. பொட்டலம் கிடைக்காவிட்டால் அஜாக்கிரதையாக ஓட்டியதென்று ஒரு வழக்கு. மூச்சுக் கருவியில் 30-க்கு மேல் எண் வந்துவிட்டாலோ, அத்துடன் விசாரணை நின்றுவிடுகின்றது. மதுவோடு கஞ்சாவும் கலந்திருந்ததா என்று எவரும் தேடுவதில்லை. இரண்டும் சேரும்போது மயக்கம் தனித்தனி மயக்கத்தைக் காட்டிலும் கொடிதாகும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. மதுவின் எண் இவ்வாறு லாகிரியை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகின்றது. இதனால்தான், லாகிரியால் விளைந்த விபத்துகள் எத்தனை என்று கேட்டால் நம்பத்தக்க விடை கிடைப்பதில்லை. தேடாத பொருள் கணக்கில் ஏறாது.

‘மதுவுக்குப் போலவே கஞ்சாவுக்கும் ஓர் எண்ணை வைத்துவிட்டால் என்ன?’ என்று வாசகர் கேட்கலாம். இக்கேள்விக்கு விஞ்ஞானம் தரும் பதில் நாம் விரும்பும் பதிலாக இல்லை. மது நீரில் கலப்பது. உடல் அதை மணிக்கு இவ்வளவு என்று ஒரே சீராக எரித்துத் தீர்க்கின்றது. கஞ்சாவின் மயக்கச் சத்தான டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. புகைக்கும்போது சில நிமிஷங்களில் ரத்தத்தில் உச்சத்தை எட்டி, ஓரிரு மணி நேரத்தில் விரைவாகச் சரிந்துவிடுகின்றது. மயக்கமோ அதற்குப் பின்னும் நீடிக்கின்றது. நாள்தோறும் புகைப்பவரின் கொழுப்பில் தேங்கி, புகைக்காத நாளிலும் சிறிது சிறிதாக ரத்தத்தில் கசிகின்றது. சிறுநீரில் அதன் சிதைபொருள் வாரக்கணக்கில் தென்படும். ஆகவே மயங்கியிருப்பவனின் ரத்தத்தில் குறைவாகவும், தெளிந்திருப்பவனின் ரத்தத்தில் அதற்கு ஈடாகவும் இருக்கக்கூடும். எந்த அளவில் ஓட்டும் திறன் கெடுகின்றது என்று சொல்லத்தக்க விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று, அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வு முடிவு கூறியது.

இருந்தும் பல நாடுகள் எண்ணை நாடிச் சென்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில், சாலையில் எவரையும் நிறுத்தி எச்சிலைச் சோதிக்கும் முறையைத் தொடங்கி வைத்தது. இங்கிலாந்து 2015 மார்ச்சில் ஒவ்வொரு வஸ்துவுக்கும் தனித்தனி ரத்த அளவைச் சட்டத்தில் எழுதியது, அங்கே டி.எச்.சி.க்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம் எல்லை. ஜெர்மனி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய 2024-ஆம் ஆண்டிலேயே தன் எல்லையை ஒரு மில்லி லிட்டர் ரத்தச் சீரத்தில் 3.5 நானோகிராமாக உயர்த்தியது. ஒரு நாட்டில் குற்றவாளி, மறுநாட்டில் நிரபராதி என்ற இவ்வேறுபாடு, இந்த எண்கள் கொள்கையிலிருந்து பிறந்தவை, உடலின் இயல்பிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல என்பதைக் காட்டுகின்றது. எச்சிலைச் சோதிக்கும் கருவிகள் நம் நாட்டிலும், வடோதராவிலும் கேரளத்திலும், போலீஸாரின் கைக்கு வந்திருக்கின்றன. அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. சமீபத்தில் உட்கொண்டதை எச்சில் ஓரளவு காட்டும். ரத்தம் எடுக்கலாமா என்று தீர்மானிக்கும் முதற்படியாக அது நல்ல துணை. ஆனால் நம் சட்டம் கேட்பது ‘உட்கொண்டாயா?’ என்பதை அல்ல. ‘கட்டுப்படுத்த இயலாதவனாக இருந்தாயா?’ என்பதை. முன்னதற்கு விடை தரும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னதற்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. நேற்றுப் புகைத்து இன்று தெளிவாக ஓட்டுகிறவனை 185-ஆவது பிரிவில் தண்டிப்பதும் அநீதியே.

கருவி தராத விடையைத் தரக்கூடியது மனிதனின் பயின்ற கண். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸார் 1970-களில் இதைச் சிறிது சிறிதாக ஒரு முறையாக வகுத்தனர். எந்த வஸ்து எந்த அடையாளத்தை விடுகின்றது என்பது நிர்ணயிக்கப்பட்டது: கஞ்சாவில் கண்வெண்படலம் சிவக்கும், நாடி விரையும், கால உணர்வு பிசகும், அபினி வர்க்கத்தில் கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், தலை தொங்கும், ஊக்கும் வஸ்துக்களில் கண்மணி விரியும், பேச்சு பரபரக்கும், தூக்க மாத்திரையில் மதுவின் தள்ளாட்டம் எல்லாம் இருக்கும், மதுவின் நெடி மட்டும் இராது. நேர்கோட்டில் நடந்து திரும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல், அசையும் பொருளைக் கண்ணால் தொடர்தல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றையும் அச்சடித்த படிவத்தில் நேரத்துடன் குறிக்கிறார்கள். இதில் மருத்துவர் தவிர்க்க முடியாதவர். ஏனெனில் தலையில் அடிபட்டவனும், சர்க்கரை திடீரென்று இறங்கிய நீரிழிவு நோயாளியும், வலிப்பு வந்து தெளிந்தவனும் போதையேறியவன் போலவே தோன்றுவர். அவர்களைக் கைது அறையில் உட்கார வைப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தப் பரிசோதனை குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் அன்று. நிரபராதியை இனங்கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கும் அதுவே வழி.

தேன்கனிக்கோட்டையைப் போன்ற எல்லைப்புறத்தில் இதற்கு ஒரு விசேஷமான கஷ்டம் உண்டு. அதைப் பற்றி நம் சட்ட நூல்களில் ஒரு சொல்லும் நான் கண்டதில்லை. நா குழறல் என்பது லாகிரியின் முதன்மையான அடையாளங்களில் ஒன்று. ஆனால் இந்தச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சாரதிகள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிறவர்கள். கிருஷ்ணகிரி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை லாரிகளில் வடநாட்டார் ஏராளம். தான் அறியாத பாஷையில் ஒருவன் பேசும்போது, அவன் குழறுகிறானா, இயல்பாகவே அப்படிப் பேசுகிறானா என்று தமிழ்க் காவலர் எவ்வாறு சொல்ல முடியும்? ‘ஒன்பது அடி நேராக நட, திரும்பு, எண்ணிக்கொண்டே வா’ என்ற கட்டளை விளங்காமல் விழிப்பவனை, மயக்கத்தால் விழிப்பதாக எழுதிவிட்டால் அது எத்தகைய அநியாயம்! இப்பாஷைகள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டளைகளை ஒலிப்பதிவு செய்து, ஓட்டுநருக்குத் தெரிந்த பாஷையில் ஒலிக்கச் செய்து, அவர் செய்வதைப் படமாகவும் பதிந்து வைத்தால் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் நீங்கும். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமே விதித்திருப்பதால், பதிவு செய்யும் பழக்கம் காவலருக்கு வரத்தொடங்கியிருக்கின்றது. அதை இங்கேயும் நீட்டுவது பெரிய காரியமன்று.

எழுத்துப் பதிவின் அவசியத்தை நீதிமன்றங்கள் முன்பே உணர்த்தியிருக்கின்றன. மதுநெடி, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறிய பேச்சு ஆகியவை மட்டும் போதையை நிரூபிக்கப் போதா, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1971-இல் பச்சுபாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், இன்ஷூரன்ஸ் பற்றிய ஒரு வழக்கில், பரிசோதனை நடவாமற்போன ஒரே காரணத்தால் போதையை நிரூபிக்கும் வழியெல்லாம் அடைபட்டுவிடாது, மற்றச் சூழ்நிலைகளையும் கொண்டு தீர்மானிக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: குற்ற வழக்கில் ரத்தமும் வேண்டும், நடத்தையின் வர்ணனையும் வேண்டும். ரத்தம் வஸ்துவைச் சொல்லும். வர்ணனை இயலாமையைச் சொல்லும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் வழக்கு நொண்டும்.

ரத்தத்துக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். மாதிரி கெடாமலிருக்கச் சோடியம் ஃப்ளோரைடு கலந்த குழாயில் அடைத்து, முத்திரையிட்டு, குளிரில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போயிற்று என்று எழுதி அனுப்ப வேண்டும். 1849-இலேயே இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் ஒன்றை நிறுவிய பெருமை சென்னைக்கு உண்டு; அதன் வழிவந்த தடய அறிவியல் துறைக்கு இன்று சேலம் முதலிய இடங்களில் வட்டார ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆய்வகத்தின் திறமை எவ்வளவாயினும், வந்து சேரும் குழாயின் வரலாறு குறையுடையதானால் அறிக்கை நிற்காது. மும்பையில் நடிகர் சல்மான் கானின் கார் மோதிய 2002-ஆம் ஆண்டு வழக்கில், 2015 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, ரத்த மாதிரி கையாளப்பட்ட விதத்தில் கண்ட குறைகளும் பேசப்பட்டன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஓட்டுநரின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என் மனசாட்சி ஒப்பாது. சாரதி புகைப்பதும், வடநாட்டு லாரிக்காரர் அபினிக்காயின் உமியை மென்று விழித்திருப்பதும், வெறும் களியாட்டத்துக்காக மட்டும் அன்று. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு கட்டியது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் டிப்பர் ஓட்டுநருக்கு அந்த வரம்பு ஏட்டோடு நின்றுவிட்டது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் திறன், ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவனின் திறனுக்கு ஈடாகக் குறைகின்றது என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நம் சட்டம் மதுவுக்கு அனுமதித்த எல்லையோ 30. சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையே கண்ணைச் சொக்கவைக்கும். வலிக்குத் தின்னும் டிராமடால், 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. இவற்றை உட்கொண்டவன் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதே இல்லை. அவனுக்கு எவரும் சொல்லவுமில்லை.

ஓட்டுநரை அந்த நிலையில் வண்டியேற்றியவர் யார் என்ற கேள்வியையும் சட்டம் கேட்கத் தெரிந்தே வைத்திருக்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு, 185-ஆவது பிரிவின் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனையை விதிக்கின்றது. சாரதியின் நிலையை அறிந்தும் ‘இன்னொரு நடை அடித்துவிட்டு வா’ என்று அனுப்பிய முதலாளியும், கான்டிராக்டரும் இதற்குள் வருவர். இப்பிரிவு உயிரோடு இருப்பதை அரசாங்க வழக்கறிஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். உயிர் போன வழக்குகளில் இது இன்னும் முக்கியம். 2006 நவம்பர் 12 அன்று மும்பை பாந்திராவில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் ஏழு பேரைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கில், மது அருந்திவிட்டு அவ்வாறு ஓட்டியவனுக்கு உயிர் போகக்கூடும் என்ற அறிவு இருந்ததாகக் கொண்டு, கொலையாகாத மரணக் குற்றத்தில் விதித்த தண்டனையை 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. அங்கே மது இருந்ததற்கு ஆதாரம் இருந்தது. கஞ்சாவால் அதே காரியம் நடந்து, ரத்தம் எடுக்கப்படாமல் போனால், அதே ஏழு உயிர்களுக்கு அஜாக்கிரதை என்ற சிறிய பெயரே மிஞ்சும். பழைய சட்டத்தில் அதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, இன்றைய சட்டத்தில் ஐந்து ஆண்டு.

பாராளுமன்றம் செய்ய வேண்டியது சிறிது. 204-ஆவது பிரிவில் மதுவைச் சொல்லும் இடங்களில் லாகிரி வஸ்துவையும் சேர்த்து, நியாயமான சந்தேகத்துக்குரிய அடையாளங்களைக் காவலர் எழுத்தில் குறித்திருந்தால் எச்சிலும் ரத்தமும் கேட்கலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும். அது வரும்வரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை உட்கோட்டத்தின் காவலருக்கும், அரசு மருத்துவமனையின் இரவுப்பணி மருத்துவருக்கும் ஒரே படிவத்தைத் தந்து, ஒன்றாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்து, சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆவது பிரிவை அந்தப் படிவத்தின் தலையிலேயே அச்சடித்துக் கொடுக்க இன்றைக்கே அதிகாரம் இருக்கின்றது. கிருஷ்ணகிரியில் 2022 முதல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றது. பயிற்சி கொடுக்க ஆசிரியரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்த ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கி வைக்குமாறு, அரசையும் உயர்நீதிமன்றத்தையும் மருத்துவ உலகத்தையும் வேண்டிக்கொள்கிறேன்.